டிசெம்பரில் அறுகம்பையில் அலைச்சறுக்குப் பழகலாமா?

கேள்வி – கொழும்புத் தாய்:
டிசெம்பர் விடுமுறையில் பதினான்கு வயது மகனை அலைச்சறுக்குப் பழக்குவதற்காக, கிழக்குக் கரையில் பொத்துவிலை அடுத்துள்ள அறுகம்பைக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். நன்றாக நீந்துவான், ஆனால் சறுக்குப் பலகையைத் தொட்டதில்லை. அம்மாதத்தில் அங்கே பயிற்சி கிடைக்குமா? எந்த இடம் அவனுக்கு ஏற்றது?

பதில் – பொத்துவிலான்:
சகோதரி, டிசெம்பர் எங்கள் ஊருக்கு மழைக்காலம். வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுவதால் அலைகள் ஒழுங்கின்றி உடையும். விடுதிகளும் பயிற்சி நிலையங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். இங்கே பருவம் என்பது ஏப்ரல் கடைசி முதல் ஒக்டோபர் வரைதான். அப்போது தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் அலைகள், முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் நுழைந்து, சறுக்குபவரின் வலப்பக்கமாக நெடுந்தூரம் உடைந்துகொண்டே செல்லும். தென்மேற்குக் காற்றோ தரையிலிருந்து கடலை நோக்கி வீசி அவற்றைச் சீராக நிறுத்திவைக்கும். வெளிநாட்டவர் இத்தனை தூரம் வருவது பெரும்பாலும் மெயின் பாயிண்ட் எனப்படும் அந்த முனையின் அலைக்காகத்தான்.

ஆயினும் அடியில் பாறையும் மேலே நெரிசலும் உள்ள அந்த இடம் உங்கள் மகனுக்கு வேண்டாம். அதற்கு உட்புறமாக உள்ள பேபி பாயிண்ட், பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே யானைப்பாறை ஆகியவையே பழகுவோருக்கு உரியவை.

பதில் – தென்கரை வாசகன்:
விடுமுறையை மாற்ற இயலாதெனில் வெலிகமவுக்குச் செல்லுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்கரையின் பருவம். அங்குள்ள குடா மணல் அடி கொண்டது, அலையும் மென்மையானது. கொழும்பிலிருந்து கடலோர ரயிலிலேயே போய்விடலாம் என்பது இன்னொரு வசதி, பொத்துவிலுக்கோ ரயில் பாதையே கிடையாது.

பதில் – மட்டக்களப்பு அன்பர்:
வெலிகம யோசனை சரியானதே. ஆனால் அலையில் எழுந்து நிற்கப் பழகியபின் அடுத்த ஓகஸ்ட் விடுமுறையில் அறுகம்பைக்கும் அழைத்து வாருங்கள். வறட்சிக் காலமாதலால் லகுகல குளத்தருகே யானைகளைக் காண வாய்ப்புண்டு. பாணமைக்கு அப்பால் உகந்தை முருகன் கோவிலையும் தரிசிக்கலாம். ஆடி உற்சவத்தையொட்டி, குமண காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்கள் அங்கே கூடுவதால், கோவிலுக்கு எந்த நாளில் போவது என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடலில் ஒரு விதியை மகனுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்: அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. மற்றவர் அதில் குறுக்கே புகுந்தால் பலகைகள் மோதிக் காயம் ஏற்படும். நெரிசலான மாதங்களில் சச்சரவும் பெரும்பாலும் இதனால்தான் மூளுகிறது.