வேம்பயர் வந்தானா, வந்ததா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செந்தூல் விரிவுரையாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை காலை என் பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது. வெகுசன நாவல் வகைகள் பற்றிய பாடம். மாணவர்கள் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பட்டப்படிப்பில் மறுபடியும் தமிழுக்கு வந்தவர்கள். கடைசிப் பகுதி வேம்பயர் நாவல்கள் பற்றியது; அதாவது செத்த பிறகும் எழுந்து வந்து இரத்தம் குடிக்கிறவர்களின் கதைகள். மூன்று ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் வேண்டும்: வேம்பயர், பாராநார்மல் ரொமான்ஸ், அர்பன் ஃபேன்டசி.

பின்னிரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட வேண்டாம். முதல் வகையான பாராநார்மல் ரொமான்ஸில் காதல்தான் கதை. காதலர்கள் கடைசியில் சேர்ந்தே ஆக வேண்டும். அந்த உறுதியை நம்பித்தான் வாசகர் புத்தகத்தை எடுக்கிறார். இரண்டாம் வகையான அர்பன் ஃபேன்டசியில் நம் காலத்து நகரம் ஒன்று, அதில் ஒரு கொலை அல்லது வழக்கு, துப்புத் துலக்கும் நாயகி. பெரும்பாலும் அவளே ‘நான்’ என்று கதை சொல்வாள். காதல் தொகுதி தொகுதியாக இழுத்துக்கொண்டு போகலாம், முறிந்தும் போகலாம். இரண்டு வகையிலும் வேம்பயர் உண்டு. ஆகவே முதலில் அந்தச் சொல்லை முடித்துக் கொடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தங்கச்சி, ‘ரத்தக் காட்டேரி’ இருக்கிறதே. நான் தொலைக்காட்சிப் படங்களுக்குத் திரைவரி எழுதுகிறவன். ஒரு வரி இரண்டு மூன்று வினாடிதான் திரையில் நிற்கும். அதற்குள் பாட்டிக்கும் புரிய வேண்டும், பேரனுக்கும் புரிய வேண்டும். ரத்தக் காட்டேரி என்றால் இருவருக்கும் புரியும். கொஞ்சம் விட்டால் ‘டிராகுலா’ என்றே போடலாம். ஒரு பாத்திரத்தின் பெயரை மக்கள் பொதுப்பெயராக்கிப் பல காலம் ஆகிவிட்டது.

பிறை ஐயா எழுதியது:

அன்புள்ள மகளே, அவசரத்துக்குக் கிடைத்ததை எடுத்துப் பாடக்குறிப்பில் வைத்துவிட்டால் அது முப்பது ஆண்டு நிற்கும். பள்ளிப் பாடநூல்களில் அப்படி நின்றுபோன சொற்களைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவன் நான்.

முதலில் ‘ரத்தம்’. ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. ‘இரத்தம்’ என்று எழுதினாலும் அது வடசொல்லே. நமக்குக் குருதி இருக்கிறது, உதிரம் இருக்கிறது, செந்நீர் இருக்கிறது, நெய்த்தோர் என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது. ‘குருவும் கெழுவும் நிறன் ஆகும்மே’ என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். குரு என்றால் நிறம். அந்த நிறத்திலிருந்துதான் குருதி வந்தது என்பது என் முடிவு. உடம்பில் எத்தனையோ பொருள் இருக்க, இது நிறத்தையே பெயராகப் பெற்றது.

அடுத்து, அந்த உருவம் நமக்குப் புதிதா? காரைக்கால் அம்மையார் ஆலங்காட்டுப் பெண்பேயைப் பாடுகையில் ‘பங்கி சிவந்து இரு பற்கள் நீண்டு’ என்கிறார். நீண்ட பற்கள் இரண்டு! திருமுருகாற்றுப்படையின் பேய்மகளுக்கு ‘குருதி ஆடிய கூர் உகிர்க் கொடுவிரல்’. பல்லும் உண்டு, நகமும் உண்டு, குருதியும் உண்டு. எனவே பேய் என்ற அடியை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. என் பரிந்துரை: வன்பேய்.

இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வன்பேய், வம்பேய், வேம்பயர். ஒலி எங்கே போய்ச் சேர்கிறது? நெய்த்தோர் பற்றித் தனியே எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸ் தம்பி எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்த ஒலி ஒற்றுமை வெறும் தற்செயல். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 1732 வாக்கில் வந்தது. ஆஸ்திரியாவின் ஆளுகையில் இருந்த செர்பியக் கிராமங்களில் புதைகுழிகளைத் தோண்டிப் பிணங்களைச் சோதித்த படை மருத்துவர்களின் அறிக்கைகள் ஐரோப்பா முழுக்கப் பரவியபோது கூடவே வந்த சொல் அது. செர்பியத்தில் வம்பிர், பழைய ருசிய மொழியில் உப்பிர். நடுவில் தமிழ் நுழைய வழி இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. சொல் ஏற்கெனவே இருக்கிறது: வேதாளம். விக்கிரமாதித்தன் கதையை ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்துக்குப் போட்ட சொல்லே வேம்பயர்தான். அவர்கள் நம் வேதாளத்தை வேம்பயர் என்று கொண்டுபோனார்கள். நாம் திருப்பி எடுத்துக்கொள்வதில் என்ன தடை? பிணத்துக்குள் புகுந்து வாழ்கிறது, அறிவாளி, கதை சொல்கிறது, தலைகீழாகத் தொங்குகிறது. பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்.

ஜார்ஜ்டவுன் அக்கா எழுதியது:

தம்பிமார்களே, ஐயா, நான் இந்த நாவல்களை உண்மையாகவே படிக்கிறவள். வீட்டில் ஒரு அலமாரி முழுக்க அவைதான். நீங்கள் எல்லோரும் 1897இல் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலாக் கிழவனையே நினைத்துப் பேசுகிறீர்கள். நம் ஆசிரியை கேட்பது அவனை அல்ல.

பிரிக்பீல்ட்ஸ் தம்பிக்கு: காட்டேரி பெண். எங்கள் குடும்பத்தில் காட்டேரியம்மாவுக்கு இன்றும் படையல் உண்டு. தோட்டத்தில் இருந்தபோது பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் அவளுக்குத்தான் வைப்போம். கயானாவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போன நம்மவர்களும் அவளைக் கைவிடவில்லை. அவள் பெயரை எடுத்து, கறுப்புச் சட்டை போட்ட வெளிறிய இளைஞனுக்குச் சூட்ட எனக்குக் கை வராது.

பிறை ஐயாவுக்கு: நீங்கள் காட்டிய பேய்கள் எல்லாம் அருவருப்பானவை. அம்மையார் அந்த உருவத்தைத் தமக்கே வேண்டிப் பெற்றார் என்பது பெரிய விஷயம், ஆனால் இந்த நாவல்களின் நாயகன் அழகன். அந்த அழகுதான் ஆபத்து. ‘வன்பேய் அவளை முத்தமிட்டது’ என்று எழுதினால் என் அலமாரியைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

குருதி குடிப்பதைச் சொல்லின் மையமாக வைக்கலாமா என்பதையும் யோசியுங்கள். 2001இல் தொடங்கிய ஷார்லெய்ன் ஹாரிஸின் தொடரில் செயற்கை இரத்தம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் இவர்கள் ஊருக்கு முன் வெளிப்படையாக வாழத் தொடங்குகிறார்கள். 2005இல் வந்த ஸ்டெஃபனி மேயரின் நாவலில் நாயகனின் குடும்பம் விலங்கு இரத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இரவையும் மையமாக்க முடியாது. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் நடமாடுகிறான்; வெயில் பட்டால் சாவு என்பது 1922இன் ஜெர்மானிய ஊமைப்படம் கொண்டுவந்தது.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குருதியுண்ணி?

பிறை ஐயா எழுதியது:

உண்ணி என்றால் மாட்டின் காதில் ஒட்டியிருப்பது.

செந்தூல் விரிவுரையாளர் எழுதியது:

அதைவிட முக்கியமான தடை: என் மாணவர்கள் ஆரம்பப்பள்ளி அறிவியலில் தாவர உண்ணி, மாமிச உண்ணி, அனைத்துண்ணி என்று படித்தவர்கள். குருதியுண்ணி என்றால் நான்காவது உணவுவகை என்று நினைப்பார்கள். ‘உறிஞ்சி’யும் வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் காதில் அது முதலில் அட்டை, அடுத்தது கங்காணி.

அக்கா எழுதியதைப் படித்ததும் என் உண்மையான சிக்கல் பிடிபட்டது. வேம்பயர் உயர்திணையா, அஃறிணையா? ஆங்கிலத்தில் சொல்லை மட்டும் தேர்ந்தால் போதும். மலாயில் ‘டியா’ ஒன்றே எல்லோருக்கும் போதும். தமிழில் வினைமுற்று வந்து நம்மைக் கேட்கிறது: வந்தானா, வந்ததா? பேய் பிடித்தது, வேதாளம் முருங்கைமரம் ஏறியது, காட்டேரி அடித்தது. நம்மிடம் இருக்கும் சொற்கள் எல்லாம் ‘அது’வோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. காதல் நாவலில் அது நடக்காது. மாணவர்களின் கட்டுரைகளில் ஒரே பத்தியில் ‘வேம்பயர் பார்த்தான்’, ‘வேம்பயர் கடித்தது’ என்று இரண்டும் இருக்கின்றன. நான் சிவப்பு மையால் திருத்துகிறேன். எதை எதுவாகத் திருத்துவது என்பதற்கு எனக்கே ஆதாரம் வேண்டும்.

பிறை ஐயா எழுதியது:

நல்ல கேள்வி. இதற்காகவே இந்தக் குழுவில் இருக்கிறேன்.

‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை, மற்றுயிர் உள்ளவும் இல்லவும் அஃறிணை’ என்பது நன்னூல். நரகர் உயர்திணை என்பதைக் கவனியுங்கள். நல்லவரா கெட்டவரா என்று பவணந்தியார் பார்க்கவில்லை. தொல்காப்பியர் மக்களை மட்டும் சுட்டி நிறுத்தினார், தெய்வத்துக்குத் தனியாக ஒரு வாசல் திறந்தார். நன்னூல் நரகரையும் உள்ளே விட்டது. ஆனால் வேம்பயர் நரகரும் இல்லை, தேவரும் இல்லை, உயிருள்ள மக்களும் இல்லை. இறந்தவன். இறந்தவனின் உடம்பு பிணம், பிணம் கிடந்தது என்போம். நேற்று வரை ‘அவர்’, இன்று காலை ‘அது’. நீர்மாலைக்கு முன்பே திணை மாறிவிடுகிறது. வேம்பயரோ அந்தப் படியைத் தாண்டித் திரும்பி வந்தவன்.

பேய்க்கு ‘அது’ என்ற வழக்கும் முழு உண்மை இல்லை. பேயாழ்வாருக்கு ‘ஆர்’ விகுதி உண்டு. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியின் போர்க்களத்தில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று வரிசையாக உட்காரவைத்துக் கூழ் வார்க்கிறார். அவை வழக்காடுகின்றன, முறையிடுகின்றன, பசியில் புலம்புகின்றன. ஒரு சமூகமே இருக்கிறது. இரண்டாம் வகை நாவல் என்று நீங்கள் சொன்னது எனக்குக் கலிங்கத்துப்பரணியைத்தான் நினைவூட்டுகிறது. ஆகவே வன்பேயர் என்று பலர்பாலில் வைத்தால்...

ஜார்ஜ்டவுன் அக்கா எழுதியது:

ஐயா, அந்த ‘அது’வை விட்டுவிடாதீர்கள். மொழிபெயர்ப்பவருக்கு அது பெரிய வசதி. முதல் அத்தியாயத்தில் இருட்டில் ‘ஏதோ வந்தது’. அவளுக்குப் பயம் தெளியும் இடத்தில் ‘அவன் வந்தான்’. கோபத்தில் அவள் மறுபடி ‘அது’ என்று சொன்னால் அவனுக்கு அதைவிட வலி வேறில்லை. ஆங்கில மூலத்தில் இந்த அளவுக்கு இல்லாத ஒன்றை நம் வினைமுற்று செய்துகாட்டும். ஆகவே ‘அவன்’ ஏற்கும் சொல்லாக இருக்கட்டும். ‘அது’வை ஆசிரியர் வேண்டும்போது எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த ஊர்க் கதையே இதைச் சொல்லியிருக்கிறது. மலாய் மந்திர நம்பிக்கைகள் பற்றி 1900இல் வந்த ஸ்கீட்டின் நூலில், லங்சுயர் என்ற மலாய்ப் பெண்பேய் பற்றி ஒரு பகுதி உண்டு. பிடரியில் ஓட்டை, அதன் வழியே குழந்தைகளின் இரத்தத்தை உறிஞ்சுவாள். அவளைப் பிடித்து, நகத்தையும் கூந்தலையும் வெட்டி அந்த ஓட்டையில் அடைத்துவிட்டால் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள். கல்யாணம் செய்து பிள்ளையும் பெற்றிருக்கிறாள். ஊர்த் திருவிழாவில் ஆட விட்டால் போச்சு, பழைய உருவத்தோடு காட்டுக்குப் பறந்துவிடுவாள். பொந்தியானாக் என்ற இன்னொரு மலாய்ப் பெண்பேய்க்குக் கழுத்தில் ஆணி அடிக்கும் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1957இல் கேத்தே கெரிஸ் எடுத்த ‘பொந்தியானாக்’ மலாய்ப்படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். மரியா மெனாடோ நடித்த படம். கல்யாணம் ஆகக்கூடிய பேய் இங்கே யாருக்கும் புதிதில்லை. நம் பழையனூர் நீலியும் மனைவி என்றுதான் வந்து நின்றாள், ஆனால் அவள் வந்தது பழி வாங்க.

பாயான் லெப்பாஸ் தம்பி எழுதியது:

அப்படியானால் பொந்தியானாக் என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஜார்ஜ்டவுன் அக்கா எழுதியது:

கூடாது. பிரசவத்தில் செத்தவள் அவள். அவளுக்கு ஒரு துக்கம் இருக்கிறது, அதை இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. ஆங்கிலம் வேதாளத்தையும் வேம்பயர் என்றது. 1985இன் ஹாங்காங் படத்தில் துள்ளித் துள்ளி வரும் சீனப் பிணத்தையும் வேம்பயர் என்றது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்வது அதன் பழக்கம். நாமாவது பிரித்து வைப்போம்.

என் சொல் இது: குருதியர். குருதியன், குருதியள். அரைக்குருதியர், குருதியர் குலம், குருதியர் வேட்டை எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. குடிப்பதாகவும் சொல்லவில்லை, உண்பதாகவும் சொல்லவில்லை. குருதியால் ஆனவர்கள், குருதியால் மாற்றப்பட்டவர்கள், குருதியால் ஒருவருக்கொருவர் உறவானவர்கள். இந்த நாவல்களில் ஒருவனை மாற்றியவன் அவனுக்குத் தகப்பன் முறை. அதையும் சொல் தாங்கும்.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அழகாக இருக்கிறது அக்கா, ஆனால் குருதி எல்லோருக்கும்தானே ஓடுகிறது? அடிக்குறிப்பு இல்லாமல் ஒருவருக்கும் புரியாது. திரையில் அடிக்குறிப்புக்கு இடம் இல்லை.

பிறை ஐயா எழுதியது:

நிறத்தின் பெயரை நிறம் இழந்த முகத்தாருக்கு வைக்கிறோம் என்று முதலில் தயங்கினேன். பிறகு, இழந்ததைத் தேடி அலைபவர்கள் என்பதால் பொருந்தும் என்று தோன்றியது. சொற்புணர்ச்சியில் குறை இல்லை. வன்பேயைத் திரும்பப் பெற மனமில்லை. இருப்பினும் குருதியருக்கு என் வாக்கு.

செந்தூல் விரிவுரையாளர் எழுதியது:

நேரம் ஆகிவிட்டது. பாடக்குறிப்பில் ‘குருதியர்’ என்று வைக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ரத்தக் காட்டேரி என்று பொதுவழக்கில் சொல்லப்படுபவர்’ என்று ஒரு தொடர் சேர்க்கிறேன். ஜார்ஜ்டவுன் அக்காவின் ஆட்சேபம் எனக்குத் தெரியும். புரிவதற்காக ஒரே ஒரு முறை. திணை: உயர்திணை, கதைமாந்தர் பார்வையில் அஃறிணை வரலாம்.

மற்ற இரண்டையும் விவாதிக்க நேரமே இல்லாமல் போயிற்று. அமானுஷ்யக் காதல் நாவல், மாநகர மாயப்புனைவு என்று போடுகிறேன். ‘இயல்பிகந்த காதல்’ என்று பிறை ஐயா தனிமடலில் அனுப்பியது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ‘இகந்த’ என்பதை விளக்கவே ஒரு வகுப்பு போய்விடும்.

பாயான் லெப்பாஸ் தம்பி எழுதியது:

அச்சுக்குப் போகட்டும். நான் வேதாளத்தை விடுவதாக இல்லை. ‘அது’ என்று வருவதுதான் குறை என்றால் வேதாளன் என்று ஒரு விகுதி போதும். புதிதாக ஒன்றைப் பெற்று வளர்ப்பதைவிட, ஊர் முழுக்கத் தெரிந்த ஒருவனுக்கு வேட்டி கட்டிவிடுவது எளிது. அடுத்த பருவத்துக் குறிப்பு எப்போது அச்சுக்குப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.