வயிற்றுக் கொழுப்புக்கும் இரத்தம் உறைதலுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி:
பல ஆண்டுகளாக நீரிழிவும் பெருத்த வயிறும் உள்ள என் தந்தைக்கு அண்மையில் மாரடைப்பு வந்தது. இரத்தக்கட்டி கரையாமல் நிற்பதற்கு வயிற்றுக் கொழுப்பும் காரணமாகலாம் என்றார் மருத்துவர். உறைதற் புரதங்கள் கல்லீரலில்தானே உருவாகின்றன?

மறுமொழி 1:
பெரும்பாலானவை அங்கேதான் உருவாகின்றன. ஆனால் கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் உருவாவதற்குத் தேவையான டிபிஏ என்னும் நொதியை முடக்கும் பிஏஐ-1 புரதம், உடல் பருத்தவர்களின் கொழுப்புத் திசுவிலிருந்தும், குறிப்பாகக் குடலைச் சூழ்ந்த கொழுப்பிலிருந்தும், மிகுதியாகச் சுரக்கிறது. இதற்குரிய செர்பைன்1 மரபணு 7ஆம் குரோமோசோமில் உள்ளது. பருமனால் அந்த மரபணு மாறிவிடுவதில்லை. அதன் இயக்கம்தான் கூடுகிறது.

மறுமொழி 2:
அந்த இயக்கம் ஏன் கூடுகிறது என்பதே முக்கியம். கொழுப்பணுக்கள் பருக்கும்போது அங்கே மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் குவிந்து, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களை வெளியிட்டு அந்த மரபணுவைத் தூண்டுகின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினும் குளுக்கோஸும் உயர்ந்திருப்பது அந்தத் தூண்டலை மேலும் வலுப்படுத்துகிறது. பசியை அடக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் இல்லாத பருத்த எலிகளின் கொழுப்பில், உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக் காரணியின் மரபணுவும் கூடுதலாக இயங்குவதை ஆய்வாளர்கள் கண்டனர். ஆக, கட்டி எளிதில் உருவாகிறது, கரைவதோ தாமதமாகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. எடை குறைந்தால் இது சீராகுமா?

மறுமொழி 1:
இரத்தத்தில் பிஏஐ-1 அளவு பொதுவாகக் குறைகிறது. மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மருந்தும் அதைச் சற்றுக் குறைக்கிறது. எனினும், மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் முதலியவற்றை, எடை குறைந்துவிட்டது என்று தந்தையார் தாமாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.