கைக்கோடரி: பழையதைத் தேற்றுவதா, புதிது வாங்குவதா?

வணக்கம். மரக்கரண்டி செதுக்கவும் சுள்ளி பிளக்கவும் சின்னக் கைக்கோடரி ஒன்று வேண்டும். தலை 500 முதல் 600 கிராம், காம்பு 35 செ.மீ. இருந்தால் ஒரு கைக்குப் போதும் என்பது என் கணக்கு.

தேடும்போதே பழைய தலை ஒன்று கிடைத்தது. இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டதில் துரு கழன்றுவிட்டது. அப்புறம்தான் சொதப்பினேன். கிரைண்டரில் அவசரமாகத் தீட்டியதில் சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் எஃகு மென்மையாகிவிடும், முனை நிற்காது என்று தெரியும். நீலம் பாய்ந்த 3 மி.மீ. அளவை மட்டும் அரத்தால் ராவி எடுத்தால் போதுமா? இல்லை, மறுபடி காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கியே ஆக வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

காம்பை நானே செதுக்கப் போகிறேன். மர ரேகை வெட்டுவாய்க்கு இணையாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் சீக்கிரம் முறியும். அது சரி, தலை கழலாமல் இறுக்க மர ஆப்பு மட்டும் போதுமா, இரும்பு ஆப்பும் சேர்க்க வேண்டுமா? வார்னிஷ் வேண்டாம், கை கொப்பளிக்கிறது, ஆளிவிதை எண்ணெய்தான். (எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துத்தான் காயவைப்பேன், பயப்படாதீர்கள்.)

இன்னொன்று. செதுக்கும் வேலைக்கு வெட்டுவாயின் கோணம் இருபுறமும் சேர்த்து 25 பாகை வைக்கலாமா, 30 வேண்டுமா? சுள்ளியும் பிளக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். இந்தத் தலை தேறாது என்றால் அதையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள், புதிதாக வாங்கிவிடுகிறேன்.