மலையில் குளிர்ச்சி, சமவெளியில் வெப்பக் காற்று: கார் ஏசி குறித்து உதவி தேவை

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். என்னுடையது 2014ஆம் ஆண்டின் சிறிய பெட்ரோல் கார். அதில் வெப்பநிலையைக் கையால் திருகும் குமிழ்தான் இருக்கிறது. கோத்தகிரியில் ஏசி போடுவது அரிது, டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஹீட்டர்தான் ஓடும். அம்மாவை மருத்துவரிடம் காட்டக் கோவைக்கு இறங்கும்போது மட்டும், குஞ்சப்பனையைத் தாண்டியதும் ஏசி தேவைப்படுகிறது. இந்த ஆண்டு ஏசி விளக்கு எரிகிறது, காற்றும் வேகமாக வருகிறது, ஆனால் மேட்டுப்பாளையத்தை நெருங்கும்போது அந்தக் காற்று வெதுவெதுப்பாகி, கண்ணாடியை இறக்கிவிடுவதே மேல் என்றாகிவிடுகிறது. ஊரில் ஒரு பணிமனையில் காட்டியபோது, திறந்து பார்க்காமலேயே கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்றார்கள். நிரப்புவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி (உதகை)

அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம், சகோதரி. மாதக்கணக்கில் ஏசி ஓடாதபோது கம்ப்ரசரின் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்பின்) தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீலுக்கு எண்ணெய் போய்ச் சேராமல் அது உலர்ந்து, கேஸ் சிறிது சிறிதாகக் கசியும். மலைவாசிகளின் கார்களுக்கு இது வழக்கமான நோய். என் காருக்கும் சென்ற மாதம் இங்கேயே நிரப்பினேன்.

மறுமொழி (மேட்டுப்பாளையம், ஏசி பணிமனை)

கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஹீட்டரையே பெரிதும் பயன்படுத்தும் மலைக் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது கேஸை அல்ல.

அடுத்த முறை இங்கே இறங்கியதும், எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஏசியை முழு வேகத்தில் வைத்துப் பானட்டைத் திறந்து பாருங்கள். கோத்தகிரியில் இதைச் செய்யாதீர்கள். அங்கே வெளிக்காற்றே குளிர்ந்திருப்பதால் ஏசி வேலை செய்கிறதா என்பது தெரியாது. ஒருவர் ஏசி பொத்தானை அழுத்தும்போது கம்ப்ரசரில் 'டக்' என்ற ஒலி கேட்டு, அதன் முன்தட்டு சுழலத் தொடங்க வேண்டும். சுழலவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச், கேஸ் அழுத்த சுவிட்ச் என்று தேடல் வேறு பக்கம் போகும். சுழன்றால், எஞ்சின் அறைக்கும் உட்பகுதிக்கும் இடையிலான தகட்டுச் சுவரில் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களைத் தொடுங்கள். தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருந்தால், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் தன் வேலையைச் செய்கிறது, கேஸும் பெருமளவு இருக்கிறது என்று பொருள். அருகிலேயே இரண்டு ரப்பர் குழாய்கள் போகும், அவற்றைத் தொடாதீர்கள். ஏறத்தாழ 90 பாகை சூட்டில் ஹீட்டருக்குப் போகும் நீர் அதில் ஓடுகிறது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுழலும் என்பதால் துப்பட்டாவும் கையும் விலகியே இருக்கட்டும்.

இன்னொரு சோதனைக்குப் பானட்டே தேவையில்லை. குமிழை நீல முனையிலிருந்து சிவப்பு முனைக்குத் திருப்பி, வரும் காற்றில் மாற்றம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. கம்ப்ரசர் சுழல்கிறது. தடித்த குழாயில் நீர்த்துளிகள் சொட்டும் அளவுக்குக் குளிர்ச்சி இருக்கிறது. குமிழை எந்த முனைக்குத் திருப்பினாலும் காற்றில் மாற்றமே இல்லை, குமிழும் பிடிப்பின்றித் தளர்வாகச் சுற்றுகிறது.

மறுமொழி (மேட்டுப்பாளையம்)

அப்படியானால் கேஸுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கூலிங் காயிலில் குளிர்ந்த காற்று, அதன் பின்னால் உள்ள ஹீட்டர் காயில் வழியாகப் போகிறதா, அதை ஒதுக்கிவிட்டு வருகிறதா என்பதை ஒரு ஃப்ளாப் (சிறு கதவு) தீர்மானிக்கிறது. குமிழிலிருந்து ஒரு கேபிள் போய் அந்த ஃப்ளாப்பைத் திருப்பும் நெம்பை (சிறு நெம்புகோலை) இழுக்கும். குளிர்காலம் முழுவதும் சூடான பக்கமே நின்ற ஃப்ளாப் இறுகிப்போக, வெயில் வந்ததும் குமிழைப் பலமாகத் திருப்பும்போது கேபிளின் பிளாஸ்டிக் கிளிப் கழன்றோ உடைந்தோ விடுகிறது. மலையில் இது வெளியே தெரியாது, ஏனெனில் ஹீட்டர் தொடர்ந்து நன்றாகவே வேலை செய்யும்.

டேஷ்போர்டின் அடியில், ஹீட்டர் பெட்டியின் பக்கவாட்டில், அந்த நெம்பு பல கார்களில் கைக்கு எட்டும். அதைக் கையால் குளிர்ந்த பக்கம் தள்ளியவுடன் குளிர் காற்று வந்தால் நோய் உறுதி. கிளிப்பை மாற்றிக் கேபிளின் இழுவையைச் சரிசெய்தாலே போதும். நெம்பு அசையவே மறுத்தால் மட்டும் பெட்டியைக் கழற்ற வேண்டியிருக்கும். எடுத்தவுடனே டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்பவரிடம், முதலில் கேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

நெம்பைத் தள்ளியதும் குளிர்ந்துவிட்டது. கிளிப்தான் உடைந்திருந்தது, மாற்றிவிட்டோம்.

மறுமொழி (உதகை)

மகிழ்ச்சி. இதே இடத்தில் என் ஐயத்தையும் கேட்டுவிடுகிறேன். உதகையில் கேஸ் நிரப்பிய என் கார் மலையில் நன்றாகக் குளிர்கிறது. ஆனால் மேட்டுப்பாளையம் நெரிசலில் நின்றால் கம்ப்ரசர் நின்று நின்று ஓடி, வெப்பக் காற்று வருகிறது. வேகமெடுத்தால் சற்றுத் தேவலை.

மறுமொழி (மேட்டுப்பாளையம்)

கேஸ் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம், ஐயா. குளிர்ந்த ஊரில், அழுத்தத்தை அளக்கும் கேஜின் முள் இயல்பாகவே தாழ்ந்து நிற்கும். எஞ்சின் ஓடாமல் நிற்கும் காரில் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ், 15 பாகையில் ஏறத்தாழ 60 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டினால், 35 பாகையில் அதே கேஸ் 115 வரை காட்டும். குழாயில் கேஸ் சிறிதளவேனும் திரவமாக இருக்கும்வரை இந்த எண், உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைச் சொல்வதே இல்லை. முள்ளை மட்டும் பார்த்து உதகையில் நிரப்புபவர், இன்னும் கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டே போவார். சமவெளி வெயிலில் அழுத்தம் எகிறியதும், சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும்.

ஆனாலும் கேஸை எடுப்பதற்கு முன், ஏசி போட்டதும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சரின் ஃபேன் சுழல்கிறதா, கன்டென்சரில் சேறும் சருகும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்பது ஃபேன் கோளாறுக்கும் பொருந்தும். இரண்டும் சரியாக இருந்தால், உள்ளிருக்கும் கேஸை எந்திரத்தால் மீட்டெடுத்து, வேக்குவம் செய்து (குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் கிராம் அளவுக்கு எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள். எடை எந்திரம் உள்ள பணிமனையென்றால் உதகையிலேயே செய்யலாம், கீழே வர வேண்டியதில்லை.