யூஃபோரியா: பேரின்பமா, களிப்பா?

> யூஃபோரியா (euphoria) என்ற மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் பேரின்பம் என்றே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம் ஐயா. அது சிற்றின்பத்துக்கு எதிர்ச்சொல். கேட்டதும் வீடுபேறு நினைவுக்கு வரும். மருந்துத்தாளில் "பக்கவிளைவு: பேரின்பம்" என்று அச்சிட்டுப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று. பேச்சு ஆங்கிலத்தில்தான் யூஃபோரியா உச்ச மகிழ்ச்சி. மனநல மருத்துவப் பாடத்தில் மனநிலை உயர்வை நான்கு படிகளாக அடுக்கும்போது யூஃபோரியா கீழ்ப்படி. மேலே எலேஷன், எக்ஸால்டேஷன், உச்சியில் எக்ஸ்டசி. கீழ்ப்படிக்கே 'பேர்' போட்டுவிட்டால் மற்ற மூன்றுக்கும் எதைப் போடுவது?

கீழிருந்து மேலாக என் பரிந்துரை: களிப்பு, பெருங்களிப்பு, எக்களிப்பு, பரவசம். எக்களிப்பில் இறுமாப்பும் கலந்திருக்கிறது. தன்னைப் பெரியவனாக எண்ணும் மருட்சியோடு வரும் எக்ஸால்டேஷனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். பரவசம் என்றால் பிறிதொன்றின் வசமாதல். எக்ஸ்டசியின் கிரேக்க மூலமும் தனக்கு வெளியே நிற்றல்தான்.

> உவகை? தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளுள் (உணர்ச்சி வெளிப்பாடுகளுள்) ஒன்றாயிற்றே.

அதுதான் தடை. அங்கே உவகை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்ற நான்கினால் பிறக்கிறது. மருத்துவர் யூஃபோரியா என்று குறிப்பது பெரும்பாலும் சூழலுக்குப் பொருந்தாத மகிழ்வை: அபின்வகை வலிநீக்கி, ஸ்டீராய்டு, பித்துநிலையின் (mania) தொடக்கம் போன்றவற்றால் வருவதை. களிப்பில் போதை ஏற்கெனவே இருக்கிறது. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் (குறள் 929) 'களித்தான்' என்றால் குடித்து மயங்கியவன்.

> 'களிநிலை' என்று சுருக்கலாமா? அதன் எதிர்நிலையான டிஸ்ஃபோரியாவுக்குக் (dysphoria) களிப்பின்மை?

இரண்டும் இடறும் அம்மா. 'களி' தனியே நின்றால் களிமண்ணும் குறுக்கே வரும், 'ப்பு' இருக்கட்டும். களிப்பூட்டும் பொருளுக்கு, இனிப்பூட்டி போல, களிப்பூட்டி. பெயரடையாகக் களிப்புற்ற.

களிப்பின்மை வெறும் இல்லாமையைத்தான் சொல்லும். எதிலும் இன்பம் தோன்றாத அன்ஹெடோனியா வேறு, அதற்கு இன்பமின்மை போதும். டிஸ்ஃபோரியாவில் சோர்வும் எரிச்சலும் இருப்புக்கொள்ளாமையும் சேர்ந்து அழுத்தும். மனப்புழுக்கம் என்கிறேன். மன உளைச்சலை விட்டுவிடுவோம், பொதுவழக்கில் எல்லாத் துன்பத்துக்கும் அதுவே ஓடுகிறது.

கோப்பில் யூஃபோரியாவைத் தேடிக் களிப்பு என்று மாற்றுபவர்கள் முழுச்சொல்லையும் கொடுங்கள். 'யூஃபோ' வரை மட்டும் கொடுத்தால் யூஃபோர்பியாவும் சிக்கும். அது கள்ளிச்செடி.