ஒரு ஊரு எஃப்எம் எப்படிங்க அமெரிக்கா பூரா கேக்குது?

மதுரைக்காரன்77:
ரொம்ப நாளா ஒரு டவுட். கேஇஎக்ஸ்பி யூடியூப் வீடியோ நிறைய பாப்பேன், அது சியாட்டில்ல இருக்கற 90.3 எஃப்எம்மாம். 'திஸ் அமெரிக்கன் லைஃப்'னு கதை சொல்ற ரேடியோ ஷோ சிகாகோ ஸ்டேஷன் ஒண்ணுல ஆரம்பிச்சதாம். ஊரைத் தாண்டினாலே எஃப்எம் கரகரன்னு ஆயிடுமே, அப்புறம் நாடு முழுக்க எப்படி? நம்ம ஆகாசவாணி மாதிரி மேல இருந்து ரிலேவா?

ரேடியோபைத்தியம்:
ப்ரோ, அங்க கதையே உல்டா. நம்மூர்ல டெல்லி நியூஸ மத்த ஸ்டேஷன் எல்லாம் எடுத்து விடும். அங்க பப்ளிக் ரேடியோ, அதாவது லாபத்துக்கு இல்லாம நேயர் நன்கொடையெல்லாம் வச்சு ஓடற ஸ்டேஷன், ஒவ்வொண்ணும் தனித்தனி, நிறைய யுனிவர்சிட்டியோடது. என்பிஆர்னு நாடு பூராவுக்கும் நிகழ்ச்சி கொடுக்கற அமைப்பு ஒண்ணு இருக்கு, அது அவங்களுக்கு ஓனர் கிடையாது, ஸ்டேஷன்காரங்க காசு கட்டி அங்கருந்து நிகழ்ச்சி வாங்குவாங்க. அதனால வழக்கமா ஸ்டேஷன் நாடு முழுக்க போகாது, அதோட ஒரு ஷோ தான் போகும். பாஸ்டன் டபிள்யூபியூஆர் ஸ்டேஷன்ல 1977ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு, டாம், ரே மக்லியோஸி, எம்ஐடில படிச்சிட்டு மெக்கானிக் ஷாப் வச்சவங்க, போன்ல கார் ரிப்பேர் டவுட்டுக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க, அதான் 'கார் டாக்', பத்து வருஷம் பாஸ்டன்லயே ஓடிச்சு, 1987ல சூசன் ஸ்டாம்பர்க் தன்னோட என்பிஆர் ஞாயித்துக்கிழமை ஷோல வாராவாரம் கூப்பிட, அந்த வருஷமே தனி ஷோவா நாடு பூரா போயிடுச்சு. காரே இல்லாதவன் கூட அவங்க சிரிக்கறதுக்காகவே கேட்டான். 2012ல புதுசா பண்றத நிறுத்தின பிறகும் பழச ஓட்டினாங்க!

சிகாகோதமிழ்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா ஷோ நல்லா இருந்தா மட்டும் போதாது, ஒவ்வொரு ஊரு ஸ்டேஷன்லயும் ப்ரோக்ராம் டைரக்டர்னு ஒருத்தர் இருப்பார், அவர் தன் டைம் டேபிள்ல இடம் கொடுக்கணும். 'திஸ் அமெரிக்கன் லைஃப்' 1995 நவம்பர்ல சிகாகோ டபிள்யூபிஇஇசட் ஸ்டேஷன்ல வேற பேர்ல வந்துச்சு, 1996ல பிஆர்ஐங்கற விநியோக அமைப்பு மூலமா மத்த ஊருக்கு போச்சு. அந்த ஷோவ நடத்தற ஐரா கிளாஸ் என்ன பண்ணார்னா, நேயர்கள்கிட்ட நன்கொடை கேக்கற வாரம் ஒண்ணு வரும்ல, அதுக்கு ஸ்டேஷன்களுக்கு காமெடியா சின்ன சின்ன ஸ்பாட் பண்ணிக் கொடுத்தார். எந்த மேனேஜருக்குத்தான் பிடிக்காது? என்னைக் கேட்டா பாதி ஜெயிச்சது அதுலதான்.

வினைல்விஜி:
ஷோ தான் போகும்கறது கேஇஎக்ஸ்பிக்கு பொருந்தாதுங்க. 1972ல யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் பசங்க ஆரம்பிச்ச கேசிஎம்யூ அது, 2001ல மைக்ரோசாஃப்ட் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பால் ஆலன் உதவியோட பேர் மாறிச்சு. யார்கிட்டயும் ஷோ விக்க அலையாம முழு ஸ்டேஷனையும் நெட்ல விட்டாங்க, ஸ்டுடியோவுக்கு வர்ற பேண்ட் வாசிக்கறத அப்படியே யூடியூப்ல போட்டாங்க. பாட்டுக்கு மொழி வேண்டாமே, அதான் மதுரை வரைக்கும் வந்துடுச்சு :) 2024ல சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் 92.7லயும் வந்தாச்சு.

மதுரைக்காரன்77:
சூப்பர், நன்றி எல்லாருக்கும். அப்ப பாட்காஸ்ட்லயே எல்லாம் கிடைச்சா உள்ளூர் ஸ்டேஷனுக்கு எவன் காசு கொடுப்பான்?

சிகாகோதமிழ்:
அதான் இப்ப பெரிய தலைவலி. 2025 ஜூலைல பப்ளிக் ரேடியோவுக்கு வர்ற மத்திய அரசு பணத்தையும் வெட்டிட்டாங்க, 110 கோடி டாலர், டிவிக்கும் சேர்த்து. பெரிய சிட்டி ஸ்டேஷன் எப்படியாச்சும் சமாளிக்கும். அலாஸ்கா மாதிரி இடத்துல இருக்கற குட்டி ஸ்டேஷன்களுக்குத்தான் அடி.