புதுப்பிப்பு: குடல் அறுவைச் சிகிச்சை செய்த மகள் உட்கார்ந்துவிட்டாள்

மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன்: 32 வாரத்தில் பிறந்தவள், குடல் திசு அழுகி ஒரு பகுதியை அகற்றினார்கள், எட்டு மாதமாகியும் உட்காரவில்லையே என்று.

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் போய் வளர்ச்சிப் பரிசோதனை செய்தோம். மருத்துவர் முதலில் என் கணக்கைத் திருத்தினார். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தவளுக்கு இரண்டு வயதுவரை அதைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். அப்போது அவளுக்கு ஆறு மாதம்தான்! வயிற்றில் ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட திறப்பு வழியே வரும் மலத்தைச் சேர்க்கும் பை) இருந்த மாதங்களில் பயந்துபோய் அவளைக் குப்புறப் போடவே இல்லை. கழுத்தும் முதுகும் வலுப்பெற அதுதானே வழி? பை இருந்தாலும் என் மார்மேல் கவிழ்த்துப் படுக்க வைத்திருக்கலாமாம். அன்றே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஊட்டுவதுதான் இன்னும் பெரும்பாடு. வாரக்கணக்கில் மூக்குக் குழாய் வழியே பால் குடித்தவள். கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வற்புறுத்தாமல் உணவைத் தொட்டு விளையாட விடச் சொன்னார்கள். நேற்று கேழ்வரகுக் கூழில் ஐந்து விரலையும் விட்டு அளைந்தவள், கட்டைவிரலைத் தானாகவே வாயில் வைத்துச் சப்பினாள். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முதல் கையூன்றாமல் உட்காருகிறாள். அடுத்த பரிசோதனை மாதக் கடைசியில்.